சாய்ந்த நீர்க்கோடு

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு ஆண்கள் போனபின் கிடைக்கும் ஒரு மணி நேரத்தில்தான் ஸுமைரா மீன் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றுவாள். அக்குறணையில் ஓர் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளுக்கு வேலை. வெள்ளி அங்கே விடுமுறை. கணவன் நிஸாம் பள்ளிவாசலுக்குப் போயிருப்பான். ஒன்பது வயது மகள் ஸனா தொட்டிக்கு முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டு, ஏஞ்சல் மீன்கள் பதினொன்றும் இருக்கின்றனவா என்று எண்ணுவாள்.

நாலடி நீளத் தொட்டி. ஸனாவுக்கென்று வாங்கியது, கடைசியில் உம்மாவின் பொறுப்பானது. ஸுமைரா எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாதவள். முதலில் வெப்பமானியைப் பார்ப்பாள். பிறகு சோதனைத் தாளை நனைத்து நிறம் பார்ப்பாள். குழாயை வாயால் உறிஞ்சி விட்டு, அடியில் கிடக்கும் கூழாங்கற்களுக்கிடையில் தேங்கிய அழுக்கை இழுத்து, தொட்டியில் கால்வாசித் தண்ணீரை எடுப்பாள். வடிகட்டியின் பஞ்சைப் புதுத் தண்ணீரில் கழுவ மாட்டாள், எடுத்த பழைய தண்ணீரிலேயே இரண்டு தரம் பிழிந்து விடுவாள். அந்தப் பஞ்சில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள்தான் மீன்களின் கழிவைத் தின்று தண்ணீரைச் சுத்தமாக வைத்திருக்கின்றன, அவற்றைக் கொன்றால் மீனும் சாகும் என்று தொட்டி செய்து தந்த இராமகிருஷ்ணன் சொல்லியிருந்தார். இரத்த மாதிரிக் குழாய்களோடு நாள் முழுக்க இருப்பவளுக்கு அது உடனே விளங்கியது. ஒவ்வொரு கிழமையும் அளந்ததையெல்லாம் ஸனாவின் பழைய அப்பியாசக் கொப்பி ஒன்றில் எழுதி வைத்தாள்.

எடுத்த தண்ணீர் வீணாகாது. ரோட்டுக்குக் கீழே குடியிருக்கும் நல்லம்மா இரண்டு கேன்களோடு வந்து அதை வாங்கிப் போவாள். மீன் தண்ணீர் ஊற்றினால் மிளகாய்ச் செடி நன்றாகக் காய்க்குமாம். நல்லம்மா பேராதனை ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்பவள். புருஷன் இல்லை. மகன் ரமேஸ் திரீவீலர் ஓட்டினான்.

அலவத்துகொடையிலிருந்து மேலே ஏறும் சின்ன ரோட்டில், மலையைக் கொஞ்சம் வெட்டித் தட்டாக்கிய இடத்தில் ஸுமைராவின் வீடு இருந்தது. வீட்டுக்குப் பின்னால் மலை. மலையில் கராம்பும் மிளகும். அது நிஸாமின் மூத்த சகோதரர் முனாஸ் நானாவின் காணி. அவருடைய வீடு கொஞ்சம் தள்ளி, ஓர் ஓரமாக, மேலே இருந்தது. வீட்டுக்கு முன்னால் ரோடு, ரோட்டுக்குக் கீழே நல்லம்மாவின் வீடு, அதற்கும் கீழே ஓடை.

ஆகஸ்ட் மாதம் பதினைந்தாம் திகதி. தண்ணீர் நிரப்பி முடித்துத் துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஸுமைராவுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. தொட்டியின் மேல் விளிம்பில் கறுப்புச் சட்டம் ஒன்று ஓடும். அதற்கும் தண்ணீருக்கும் இடையில் எப்போதும் ஐந்து சென்டிமீற்றர் விடுவாள். ரோட்டுப் பக்க முனையில் ஐந்துதான் இருந்தது. மலைப் பக்க முனையில் இடைவெளி கூடுதலாகத் தெரிந்தது. ஸனாவின் அடிமட்டத்தை எடுத்து வைத்துப் பார்த்தாள். நான்கு மில்லிமீற்றர் வித்தியாசம்.

நிஸாம் வந்ததும் காட்டினாள். அவன் தொப்பியைக் கழற்றியபடி குனிந்து பார்த்தான்.

"இரும்பு ஸ்டாண்ட் தானே, கால் ஒண்டு எறங்கியீக்கும்."

அன்று பின்னேரமே பாதித் தண்ணீரை எடுத்து, மீன்களை வாளியில் விட்டு, இருவருமாக ரோட்டுப் பக்கக் கால்களுக்கு அடியில் ரப்பர் துண்டுகளைச் செருகினார்கள். தண்ணீர் சட்டத்துக்கு நேராக நின்றது. ஸுமைரா மெல்லிய மார்க்கர் பேனையால் இரண்டு முனைகளிலும் கண்ணாடியில் கோடு போட்டு, பக்கத்தில் திகதியும் எழுதினாள்.

இரண்டு வெள்ளிக்கிழமைகள் கழித்துப் பார்த்தபோது ரோட்டுப் பக்கத்தில் தண்ணீர் கோட்டுக்கு மேலே ஏறியிருந்தது. மூன்று மில்லிமீற்றர்.

அவள் இராமகிருஷ்ணனுக்குப் போன் பண்ணினாள். கட்டுகஸ்தொட்டையில் வளர்ப்பு மீன் கடை வைத்திருந்தவர். தன் கையால் ஒட்டிய தொட்டியில் குறை என்றால் தாங்க மாட்டார். மறுநாள் பகலே மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். பையிலிருந்து மேசன்மார் வைத்திருக்கும் ரசமட்டத்தை எடுத்துத் தொட்டியின் மேல் வைத்தார். கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி மலைப் பக்கமாக நகர்ந்து நின்றது. ஸ்டாண்டில் வைத்தார். தரையில் வைத்தார். ஜன்னல் கட்டையில் வைத்தார். ஒவ்வொரு தரமும் குமிழி ஒரே பக்கம் போனது.

"தொட்டிக்கு ஒண்ணும் இல்லைங்க" என்றார். "வீடுதான் சாயுது."

அவர் வெளியே போய் வீட்டைச் சுற்றி வந்தார். பின்புறம் நின்று மேலே அண்ணாந்து பார்த்தார். கராம்பு மரங்களுக்கு நடுவில் மலை செங்குத்தாக வெட்டப்பட்டு, இரண்டு மாடி உயரத்துக்குச் சிவந்த மண் அம்மணமாக நின்றது. அதற்கு முன்னால் மண் வெட்டும் மஞ்சள் பெக்கோ மெஷின் ஒன்று கையை மடக்கிக்கொண்டு கிடந்தது.

"அது யாரு வெட்டுறது?"

"எங்கட மச்சான்தான். காணிய துண்டு துண்டா பிரிச்சு விக்கப் போறார்."

அவர் ரசமட்டத்தைப் பைக்குள் போட்டு மூடினார்.

"நான் பொறந்த தேயிலத் தோட்டத்துல ஆளுங்க குடியிருந்த லயம் ஒண்ணு இருந்துச்சு. கதவு சரியா மூட மாட்டேங்குதுன்னு ரெண்டு மாசமா சீவிக்கிட்டே இருந்தாங்க."

"பொறகு?"

"பொறகு கதவும் இல்ல, லயமும் இல்ல." மோட்டார் சைக்கிளில் ஏறியவர் மறுபடி இறங்கி வந்தார். "அளக்குறத விட்றாதீங்க. மெதுவா போற வரைக்கும் நேரம் இருக்கு. வேகம் கூடுச்சுன்னா ஒண்ணையும் எடுக்காதீங்க, புள்ளயத் தூக்கிக்கிட்டு கெளம்புங்க."

அன்று மாலை ஸுமைராவும் நிஸாமும் முனாஸின் வீட்டுக்குப் போனார்கள். முனாஸின் மனைவி றலியா தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவருகே நின்றாள். முனாஸ் மேசையில் காணியின் வரைபடத்தை விரித்து வைத்திருந்தார். எட்டுத் துண்டுகள். நடுவில் ஒரு பாதை.

ஸுமைரா கொப்பியைத் திறந்து காட்டி, அளந்த கதையையும் ரசமட்டத்தின் கதையையும் சொன்னாள். முனாஸ் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்துச் சிரித்தார்.

"மீன் தொட்டியப் பாத்தா மலை வுழும் எண்டு செல்ற?"

"மலையப் பத்தி நான் ஒண்டும் செல்லல்ல மச்சான். வீடு சாயுது. அதத்தான் செல்ற. பெக்கோவ கொஞ்சம் நிப்பாட்டி, யாராவது தெரிஞ்ச ஒருத்தரக் கூட்டி வந்து காட்டுவோம்."

"இந்த மலை எங்கட வாப்பாட வாப்பா காலத்திலீந்து ஈக்கு. அது எங்கயும் போகல்ல." அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு நிஸாமின் பக்கம் திரும்பினார். "தம்பி, இந்தக் கத ரோட்டுக்கு எறங்கினா ஒரு துண்டும் விலை போகாது. அது ஒனக்குத் தெரியும் தானே."

நிஸாமுக்குத் தெரியும். அவன் மின்சாமான் கடை வைத்திருந்த கட்டடமே நானாவுடையது. வீடு திரும்பும் வழியில் இருட்டுவதற்கு முன்னான வெளிச்சத்தில் அவன் முகம் வாடியிருந்தது.

"வெளிய யாருக்கும் செல்லாத ஸுமைரா. மழ தொடங்க முந்தி அவர் சுவர் கட்டிருவார். நானா அப்பிடி மடையன் இல்ல."

அவள் சரி என்றாள். பயத்தினால் சொன்ன சரி அல்ல அது. வீட்டில் சண்டை வேண்டாம், சுவர் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும், அதுவரை நான் அளந்துகொண்டிருப்பேன் என்று நினைத்தாள். அளப்பதே ஏதோ செய்வது போல இருந்தது அவளுக்கு.

செப்டெம்பரில் கண்ணாடியில் கோடுகள் கூடின. ஒன்றுக்கு மேல் ஒன்றாகத் திகதிகள். குளியலறைக் கதவு நிலையில் இறுகியது. நிஸாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சீவுளி எடுத்துக் கதவின் மேல் விளிம்பைச் சீவினான். ஸுமைரா குசினியில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டாள்.

அதன் பிறகு தண்ணீர் கெட்டது. அவர்கள் வீட்டுக்கு மலையிலிருக்கும் ஊற்றிலிருந்து கறுப்புக் குழாய் வழியாகத் தண்ணீர் வரும். தொட்டிக்கு வேண்டியதை முதல் நாளே பீப்பாயில் பிடித்து ஆறவிடுவாள். ஒக்டோபர் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை பீப்பாயின் அடியில் விரலை விட்டுப் பார்த்தபோது வழவழவென்று களிமண் கையோடு வந்தது. வெளியே ஒன்பது நாட்களாக மழையில்லை.

அந்தத் தண்ணீரைத் துணியில் வடித்து ஊற்றியும் தொட்டி பால் போலக் கலங்கியது. ஏஞ்சல் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடின. வடிகட்டிப் பஞ்சு மூன்றே நாளில் சேறு அடைத்து நின்றது. இரண்டு மீன்கள் செத்தன. ஸனா அவற்றை மல்லிகைச் செடியடியில் புதைத்துவிட்டு வந்து, "உம்மா, தண்ணிக்கு வருத்தமா?" என்று கேட்டாள்.

நல்லம்மா கேன்களோடு வந்தாள். மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள்.

"ஏம்மா, தண்ணி இப்பிடி மண்ணா இருக்கு? எங்க வீட்டுப் பின்னால சுவரோரமும் இப்பத்தான் ஊறுது. முன்னெல்லாம் காஞ்சு கெடக்கும்."

ஸுமைராவின் வாய்வரை வந்தது. நல்லம்மாவின் முகத்தைப் பார்த்தாள். இவளிடம் சொன்னால் நாளைக் காலை ஆஸ்பத்திரி பஸ்ஸில் எல்லோருக்கும் தெரியும், பின்னேரம் முனாஸ் மச்சானின் காதுக்குப் போகும், இரவு நிஸாம் சாப்பிடாமல் படுப்பான்.

"மழைக்கு மேல எங்கயாவது கலங்கியீக்கும்" என்றாள்.

நல்லம்மா வானத்தைப் பார்த்தாள். வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. கேன்களைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

முனாஸ் சுவர் கட்டவில்லை. ஆள் கிடைக்கவில்லை என்றார். பிறகு கல் வரவில்லை என்றார். இரண்டு துண்டுகளுக்கு ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

நவம்பர் கடைசியில் மழை பிடித்தது. புதன்கிழமை தொடங்கியது நிற்கவேயில்லை. வியாழக்கிழமை காலை பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. அக்குறணை டவுனில் ஆறு ஏறுகிறது என்று செய்தி வர, கடையில் கீழ்த்தட்டில் இருக்கும் சாமான்களை மேலே ஏற்ற நிஸாம் விடியும்போதே போய்விட்டான். ஸுமைராவின் வேலைத்தலமும் திறக்கவில்லை.

பத்து மணியளவில் மின்சாரம் போனது. தொட்டியின் காற்றுப் பம்பு நின்றது. ஸுமைரா ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சாடியில் தண்ணீரை அள்ளி உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப ஊற்றினாள். அப்படி ஊற்றினால் காற்று உள்ளே போகும், மீன்கள் கொஞ்ச நேரம் தாக்குப் பிடிக்கும். அவள் களைத்தபோது ஸனா ஊற்றினாள். மழைச் சத்தத்தில் இருவரும் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

நண்பகல் ளுஹர் தொழுதுவிட்டு வந்து பார்த்தபோது தண்ணீர், கடைசியாகப் போட்ட கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை ஏறியிருந்தது.

ஆகஸ்டிலிருந்து இத்தனை மாதங்களில் நகர்ந்தது மொத்தமாக இவ்வளவு இல்லை. அவள் புதிதாக ஒரு கோடு போட்டாள். நேரம் எழுதினாள், ஒன்று நாற்பது. ஊற்றிக்கொண்டேயிருந்தாள். இரண்டு பத்துக்கு மறுபடி அளந்தாள். ஐந்து மில்லிமீற்றர். அரை மணி நேரத்தில்.

கை கழுவக் குசினிக்குப் போய்க் குழாயைத் திறந்தாள். தண்ணீர் இல்லை. வெளியே வானமே இடிந்து கொட்டுகிறது, மலையிலிருந்து வரும் குழாயில் ஒரு சொட்டுக்கூட இல்லை. உள்ளுக்குள் எங்கோ ஊற்று அறுந்துவிட்டது.

அவள் சாடியை மேசையில் வைத்தாள். நிஸாமுக்குப் போன் பண்ணினாள். நாலாம் தரம்தான் கிடைத்தது.

"நான் புள்ளயக் கூட்டிக்கிட்டு பள்ளிவாசலுக்குப் போற."

"இந்த மழைக்கா? கொஞ்சம் பொறு, நான் வார. ரோட்டுல இடுப்பளவு தண்ணி..."

"பொறுக்க ஏலா" என்றாள். அதற்குள் தொடர்பு அறுந்தது.

ஸனாவுக்கு மழைக்கோட்டு மாட்டினாள். பிள்ளை தொட்டியைப் பார்த்தது.

"மீன்?"

"இல்ல மகள்."

"ஒரு வாளியில..."

"இல்ல."

முதலில் மேலே ஓடினாள், முனாஸின் வீட்டுக்கு. றலியா காஸ் அடுப்பில் கறி வைத்துக்கொண்டிருந்தாள். மைனி வாங்க, இப்பவே வாங்க என்று ஸுமைரா சொன்ன விதத்தில் என்ன கண்டாளோ, றலியா கேள்வி கேட்கவில்லை. அடுப்பை அணைத்தாள். பின்கதவால் தலையை நீட்டிப் புருஷனைக் கூப்பிட்டாள். முனாஸ் வெட்டிய இடத்தின் ஓரத்தில், தலையில் ஷொப்பிங் பையைக் கட்டிக்கொண்டு, மண்ணுக்கு மேல் நீலத் தார்ப்பாயை இழுத்து மூடிக்கொண்டிருந்தார். போங்க போங்க என்று கையைக் காட்டினார். தார்ப்பாய் காற்றில் எழும்பி அவரை மறைத்தது.

மூவரும் ரோட்டுக்கு இறங்கினார்கள். ரோட்டில் தண்ணீர் காவி நிறத்தில் ஓடியது. நல்லம்மாவின் வீட்டுக்கு நேரே வந்தபோது ஸுமைரா நின்றாள். கீழே தகரக் கொட்டிலில் ரமேஸின் திரீவீலர் நின்றது. அப்படியென்றால் ஆள் வீட்டில்தான் இருக்கிறான். படிகளில் தண்ணீர் அருவி போல விழுந்துகொண்டிருந்தது. ஸனாவின் கையை றலியாவிடம் கொடுத்துவிட்டுப் பாதிப் படி இறங்கிக் கத்தினாள். "ரமேஸ்! நல்லம்மா!"

ஜன்னல் திறந்தது. ரமேஸ் தலைமுடி கலைந்து, தூக்கக் கண்ணோடு எட்டிப் பார்த்தான்.

"என்னக்கா? அம்மா வேலைக்குப் போயிருக்கு, வர முடியல."

"வெளிய வாங்க! மலை வருது! உடனே வாங்க!"

அவன் மேலே பார்த்தான். மழையைத் தவிர ஒன்றும் தெரிந்திருக்காது. திடீரென்று ஒருத்தி வந்து மலை வருது என்றால் யாருக்குத்தான் விளங்கும்?

"நீங்க புள்ளயக் கூட்டிக்கிட்டுப் போங்கக்கா. நான் வண்டிய எடுத்துக்கிட்டு இந்தா வாறேன்."

"வண்டி வேணாம்!"

அவன் ஜன்னலை மூடிவிட்டான். அவள் படியில் நின்றாள். ஸனா மேலேயிருந்து உம்மா உம்மா என்று அழுதாள். ஸுமைரா திரும்பி ஏறினாள். போகும்போது பின்னால் திரீவீலர் ஸ்டார்ட் ஆகாமல் இழுத்து இழுத்து நிற்கும் சத்தம் கேட்டது. ஒரு தரம், இன்னொரு தரம். தண்ணீர் குடித்த இயந்திரம்.

பள்ளிவாசல் எதிர்ப்பக்க மேட்டில் இருந்தது. வாசலுக்கு ஏறும் வளைவில் கால் வைத்தபோது பெரிய லொறி ஒன்று கல்லைக் கொட்டுவது போலச் சத்தம் வந்தது. அது நிற்காமல் நீண்டது. ஸுமைரா திரும்பிப் பார்த்தாள். கராம்பு மரங்கள் நின்றபடியே நகர்ந்து வந்துகொண்டிருந்தன. நேராக, ஒன்றையொன்று இடிக்காமல், ஊர்வலம் போல. பிறகு முன்னால் வந்தவை குப்புற விழுந்தன. ரோடு இல்லாமல் போனது. நல்லம்மாவின் வீட்டுக் கூரை ஒரு கணம் மண்ணுக்கு மேலே தெரிந்தது. அதன் பிறகு ஓடைவரை சிவப்புதான்.

றலியா ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஸுமைரா பிள்ளையின் முகத்தைத் தன் வயிற்றோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

முனாஸ் தப்பினார். கயிறு எடுக்க ஓரத்துக்கு வந்த நேரத்தில் நடந்ததாம். ஒரு பலா மரத்தைக் கட்டிப்பிடித்தபடி நின்றவரை இளைஞர்கள் சிலர் போய் இறக்கினார்கள். கையில் ஒரு கீறல். அவருடைய வீட்டுக்கு ஒன்றுமில்லை. ஸுமைராவின் வீட்டில் முன் விறாந்தை போயிருந்தது. மற்றது ஒரு பக்கமாகச் சரிந்து நின்றது. இரவாகும் முன் நிஸாம் சேறும் சகதியுமாக நடந்தே வந்து சேர்ந்தான். மகளைத் தூக்கிக்கொண்டவன் கீழே இறக்கவேயில்லை.

நல்லம்மா மறுநாள் பகல் வந்தாள். கட்டுகஸ்தொட்டையிலிருந்து நடந்து வந்திருந்தாள். ஆஸ்பத்திரிச் சீருடையோடு, மண் எல்லையில் நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். யாரும் அவளுக்குப் பதில் சொல்லத் தேவையிருக்கவில்லை. ரமேஸை மூன்றாம் நாள் எடுத்தார்கள். திரீவீலரின் சாரதி ஆசனத்தில் இருந்தான்.

மரண விசாரணை பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. அங்கேதான் வீடிழந்தவர்கள் எல்லோரும் பாய் விரித்துத் தங்கியிருந்தார்கள். விசாரணை அதிகாரி வயதானவர், தடித்த கண்ணாடி. நாலு நாட்களில் எத்தனையோ பிணங்களைப் பார்த்துவிட்ட களைப்பு அவர் குரலில் இருந்தது. நல்லம்மாவிடம் பெயரும் வயதும் கேட்டு எழுதினார். பிறகு அக்கம்பக்கத்தவர்களைப் பார்த்து, முன்கூட்டி ஏதாவது அறிகுறி தெரிந்ததா என்று கேட்டார். கேட்க வேண்டுமென்பதற்காகக் கேட்ட கேள்வி.

"ஒண்டும் இல்ல சேர்" என்றார் முனாஸ். "திடீரெண்டு வந்தது. அல்லாஹ்ட நாட்டம். எத்தன ஊர்ல மலை வந்தது, அங்கெல்லாம் யார் வெட்டின?"

அது பொய்யுமில்லை. யாரும் கை வைக்காத மலைகளும் அந்தக் கிழமை சரிந்திருந்தன. நிஸாம் தலையைக் குனிந்தான். அதிகாரி எழுதத் தொடங்கினார்.

"தெரிஞ்சது" என்றாள் ஸுமைரா.

நிஸாம் அவளுடைய கையைத் தொட்டான். அவள் எழுந்து நின்றாள். ஆகஸ்ட் பதினைந்தாம் திகதி என்று தொடங்கினாள். நான்கு மில்லிமீற்றர், ரப்பர் துண்டு, ரசமட்டம், பெக்கோ, களிமண் வந்த தண்ணீர், ஒன்று நாற்பது, இரண்டு பத்து. பரிசோதனை அறிக்கை வாசிப்பது போல ஒரே குரலில் சொன்னாள். யாரிடம் போய்ச் சொன்னாள் என்பதையும் சொன்னாள். யாரிடம் சொல்லவில்லை என்பதையும் சொன்னாள். மண்டபத்தில் குழந்தைகள் அழும் சத்தம் மட்டும் கேட்டது. முனாஸ் எழுந்து வெளியே போனார். றலியா போகவில்லை.

அதிகாரி பேனையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். பிறகு தாளைத் திருப்பி, முதலிலிருந்து சொல்லுங்கள் என்றார்.

எல்லாம் முடிந்து வெளியே தண்ணீர்க் குழாயருகே வந்தபோது நல்லம்மா அங்கே நின்றுகொண்டிருந்தாள்.

"நான் கேட்டேனே" என்றாள். "தண்ணி ஏன் இப்பிடி இருக்குன்னு."

"கேட்டீங்க."

"ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா, அவன நான் தெல்தெனியவுக்கு எங்க அண்ணன் வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். அவன் போயிருப்பான். நான் சொன்னா கேப்பான்."

ஸுமைரா வாயைத் திறந்தாள். நல்லம்மா கையைக் காட்டி வேண்டாம் என்றாள். அதட்டவுமில்லை, அழவுமில்லை. மண்டபத்துக்குள் போய்த் தன் பாயைச் சுருட்டி எடுத்து, மறுகோடியில் இருந்த தோட்டத்துச் சனங்களுக்கு நடுவில் கொண்டுபோய் விரித்தாள்.

பத்தாம் நாள், பத்திரங்களை எடுத்துவர ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் ஆளைக் கால் மணி நேரத்துக்கு உள்ளே விட்டார்கள். நிஸாம் போனான். காணி உறுதியையும் ஸனாவின் பிறப்புச் சான்றையும் எடுத்துக்கொண்டு வந்தவன், பாயில் ஸுமைராவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"தொட்டி உடையல்ல" என்றான். "ஒரு பக்கத்தால தண்ணி வழிஞ்சு போயீக்கு. மற்றப் பக்கம் கல்லு தெரியுது. மீன் எல்லாம் மவுத்து." பத்திரங்களைக் கீழே வைத்துவிட்டு, "நீ போட்ட கோடெல்லாம் பாத்தேன். இவ்வளவு கிட்ட நிண்டு நான் ஒரு நாளும் பாக்கல்ல" என்றான். "ஒன்ன வாய மூடச் சென்னது நான்."

"மூடினது நான்" என்றாள் அவள்.

முனாஸ் அவர்களோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். கடைக் கட்டடத்தைக் காலி பண்ணச் சொல்லி ஆள் அனுப்பினார். அந்த மலையில் இனி யாரும் குடியிருக்கக் கூடாது என்று மஞ்சள் பலகை நட்டார்கள், எட்டுத் துண்டும் விற்பனைக்கு உதவாமல் போனது. சொந்தத்துக்குள் சிலர் ஸுமைராவைக் காட்டிக்கொடுத்தவள் என்றார்கள். பெருநாளைக்கு றலியா மட்டும் ஒரு பெட்டியில் வட்டிலாப்பம் அனுப்பினாள். பேராதனையில் ஒரு மேல்மாடி வீட்டை வாடகைக்கு எடுத்து அவர்கள் போனார்கள். சமதரை. ஆனாலும் ஸுமைரா போன முதல் நாளே எல்லாக் கதவுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து மூடிப் பார்த்தாள்.

நல்லம்மா தெல்தெனியவில் அண்ணன் வீட்டில் இருக்கிறாள், ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டாள் என்று கேள்விப்பட்டு, பெருநாள் கழிந்த ஒரு சனிக்கிழமை ஸுமைரா பஸ் ஏறினாள். விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தாள். அண்ணனின் மனைவி வாசலுக்கு வந்தாள். யார் என்று கேட்டாள். ஸுமைரா பெயரைச் சொன்னதும் உள்ளே போய்விட்டு உடனே திரும்பி வந்தாள்.

"அவங்க வேலைக்குப் போயிருக்காங்க. எப்ப வருவாங்கன்னு தெரியாது."

வாசற்படியில் ஒரு சோடி வெள்ளை ரப்பர்ச் செருப்பு கிடந்தது. ஆஸ்பத்திரியில் கொடுப்பது. முன்புறத்தில் நீல மையால் "ந" என்று எழுதியிருந்தது.

ஸுமைரா கொண்டுவந்த பையை வைக்கவா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள். கடைசியில் வைக்கவில்லை.

"நான் வந்த எண்டு செல்லுங்க" என்றாள். "அடுத்த மாசமும் வார."

பஸ் வர முக்கால் மணி நேரமானது. பஸ் ஹோல்டிலிருந்து பார்த்தால் அந்த வீட்டின் ஜன்னல் தெரியும். அது மூடியே இருந்தது.